ஸ்டார் போடாத ரிப்போர்ட்: ரத்த எண்களைச் சேர்த்துப் படிக்க ஒரு வழிகாட்டி

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் ஸ்டார் போட்டிருக்கிறதா என்று விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்குவோம். இல்லையென்றால் "எல்லாம் நார்மல்" என்று மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவோம். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் விளம்பரத்துக்குக் குறைவில்லை. எடுத்துத் தருகிறார்கள், படித்துச் சொல்லத்தான் ஆள் குறைவு.

மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறு, இந்த ஸ்டார் தேடும் படிப்பில் அகப்படாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்து ஸ்டார் போடுகிறது. இந்தக் கோளாறோ, பல எண்கள் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எல்லையை ஒட்டி நிற்பதில் இருக்கிறது.

ஓர் உதாரணம் எழுதிக்கொள்வோம். 39 வயதுப் பெண். வெறும் வயிற்றில் சர்க்கரை 101. எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 44. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 128. ரத்த அழுத்தம் 122/78. இடுப்பளவு 84 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு 70–110 என்றும், எச்டிஎல்லுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் 40–60 என்றும் அச்சடிக்கும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட காகிதத்தில் இவருக்கு ஒரு ஸ்டார்கூட விழாது. ஆனால் இவருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கிறது. எப்படி என்பதற்கு ஐந்து அளவுகோல்கள் தெரிந்தால் போதும்.

ஐந்தில் மூன்று

2009-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் அமெரிக்க இதய அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட பொது வரையறைதான் இன்று பெரும்பாலும் பயன்படுகிறது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு அது இப்படி வரும். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ. அல்லது அதற்கு மேல், பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். எச்டிஎல் ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ். ரத்த அழுத்தம் மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85, அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இவற்றில் ரத்த எண்கள் மூன்றும் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மேலே சொன்ன பெண்ணுக்கு இடுப்பு, எச்டிஎல், சர்க்கரை என்று மூன்று ஆகிவிட்டது. பிரஷருக்கோ சர்க்கரைக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் எண் நன்றாக இருந்தாலும் அதை 'உண்டு' என்றே எண்ண வேண்டும். மாத்திரையால் இறங்கிய எண் அது.

ஐந்தில் இரண்டு ரத்தத்திலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை ஆயிரம் ரூபாய்க்குப் பேக்கேஜ் எடுத்தாலும் இஞ்ச் டேப்பும் பிரஷர் பார்க்கும் கருவியும் இல்லாமல் இந்தக் கணக்கு முடியாது.

இவை ஏன் கூட்டமாக வருகின்றன? 1988-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இதற்கு இன்சுலின் எதிர்ப்பைக் காரணமாகச் சொன்னார். தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது, அதனால் சர்க்கரை பல வருடம் நார்மலாகவே தெரியும். இதற்கிடையில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ஈரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும். ட்ரைகிளிசரைடு மிகுந்தால் எச்டிஎல் துகள்கள் உருமாறி, சீக்கிரம் கழிந்துபோகும். ஆகவே ஒன்று ஏறி மற்றொன்று இறங்குவது தற்செயல் அல்ல. சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் இந்த வரிசையில் கடைசி.

முதல் வேலை: இஞ்ச் டேப்

ரத்தம் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது (எல்லாரும் இழுப்பார்கள்). சாரம் (லுங்கி) கட்டும் இடமோ சேலை சொருகும் இடமோ இதற்கு உதவாது. பேன்ட் சைஸ் 34 என்பவர்களில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறவர்கள், டேப்பில் 38 வரும். 90 செ.மீ. என்பது 35 அங்குலம் தாண்டி, 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை.

"நான் ஒல்லிதானே" என்கிறவர்களும் அளக்க வேண்டும். 2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர்க்காரர்களின் எடைக்கருவி எண் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

பிரஷரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்க்கவும்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாள்

இரவு எட்டு, எட்டரைக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலை ஏழு, எட்டு மணிக்குக் கொடுப்பது நல்லது. சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் போதும், ட்ரைகிளிசரைடுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் குழப்பம் வராது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். கட்டன் (பால் விடாத சாயா) குடிக்கக் கூடாது, சீனி போடாத கட்டனும் வேண்டாம். முந்தைய இரண்டு மூன்று நாளில் மது குடித்திருந்தால் ட்ரைகிளிசரைடு அதைச் சொல்லிவிடும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாளும், காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்திலும் போகாதீர்கள். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் 'காலை வெறும் வயிறு' எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய் வேலை முடித்துவிட்டுத்தான் லேப்புக்கு வருவார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரைக்கு வருகிறவர்கள் உண்டு. வேலைக்கு நடுவே சீனி போட்ட சாயா உள்ளே போயிருந்தால் அது வெறும் வயிறு அல்ல. சாயா இல்லாவிட்டாலும், கடும் உடலுழைப்பு, ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி என்ற நொதியை உயர்த்திக் காட்டும். அந்த நொதி தசையிலும் இருப்பதால் ஈரல் கெட்டுவிட்டதோ என்ற வீண் பயம் வரும். தூக்கம் கெட்ட இரவுக்குப் பிறகு சர்க்கரையும் கொஞ்சம் கூடும். வெட்டு இல்லாத நாளாகவோ, கடலுக்குப் போகாத நாளாகவோ பார்த்து, முந்தைய இரவு தூங்கிவிட்டுப் போவது நல்லது.

லேப்பில் ஒன்றைக் கண்ணால் பாருங்கள். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போகிறதா? மூன்று மாதச் சராசரி காட்டும் ஏ1சி ஊதா மூடிக் குழாயில், கொழுப்புப் பரிசோதனை சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு, ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். அது இல்லாமல் ரத்தம் அப்படியே கிடந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். கிராமத்துக் கலெக்ஷன் சென்டரில் எடுத்த ரத்தம் பைக்கில் ஏறி டவுன் லேப்புக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் இடங்களில், 108 என்பது 95 ஆகிவிட இது போதும். வீட்டுக்கு வந்து எடுப்பவர் ஒரே குழாயில் எல்லாவற்றையும் எடுத்தால் காரணம் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் தினசரிக் கண்காணிப்புக்கு உரியது. அதன் தரவிதியே 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. 100-ஐத் தாண்டியதா இல்லையா என்ற கேள்விக்கு அதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

மொத்தக் கொலஸ்ட்ராலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் முதலில் பார்ப்பதும், பிறரிடம் சொல்வதும் அந்த எண்ணைத்தான். மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கு அது பெரிய உதவி செய்யாது. எச்டிஎல் குறைந்து ட்ரைகிளிசரைடு கூடினால் கூட்டுத்தொகை அழகாக 180-க்குள் நின்றுவிடும்.

இரண்டாவது உதாரணம்: 46 வயது ஆண், குழித்துறையில் கடை. மொத்தக் கொலஸ்ட்ரால் 178, ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் 34, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 102, வெறும் வயிற்றுச் சர்க்கரை 106, ஏ1சி 5.9, எஸ்ஜிபிடி (ஈரல் நொதி) 52, இடுப்பு 96 செ.மீ., பிரஷர் 128/84.

முதலில் ட்ரைகிளிசரைடு. 210, ஒன்று. அடுத்து எச்டிஎல். 34, இரண்டு. சர்க்கரை 106, மூன்று. இடுப்பு நான்கு. பிரஷர் எல்லைக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி உள்ளே நிற்கிறது. ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லால் வகுத்துப் பாருங்கள்: ஆறுக்கு மேல். இந்த விகிதம் மூன்றைத் தாண்டினால் இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். நோய் என்று தீர்ப்பு எழுத இது போதாது, ஆனால் காகிதமும் பேனாவும் போதும் என்பதால் எனக்குப் பிடித்த கணக்கு.

அவருடைய எல்டிஎல் 102 என்பதை நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. பல லேப்களில் எல்டிஎல் அளக்கப்படுவதில்லை, கழித்துப் போடப்படுகிறது: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 178-லிருந்து 34-உம் 42-உம் போனால் 102. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, நேரடி எல்டிஎல் கேட்க வேண்டும். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் 144 வருகிறதே, அதுதான் நான்-எச்டிஎல். ட்ரைகிளிசரைடு கூடியவர்களுக்கு ரத்தக்குழாய் ஆபத்தை எல்டிஎல்லைவிட அது நன்றாகக் காட்டும். டாக்டர் ஏபோபி (கெட்ட கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் பரிசோதனை) எழுதினால் அதுவும் இதே கேள்விக்கான பதில்தான், இன்னும் துல்லியமாக.

ஏ1சி 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5-உம் மேலும் நீரிழிவு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றாலும் நீரிழிவு. தாகம், எடை இறக்கம் போன்ற அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு தடவை பார்த்து உறுதிசெய்த பிறகே அப்படிச் சொல்வார்கள். ஆனால் ஏ1சி சிவப்பணுவை நம்பி நிற்கும் பரிசோதனை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் இழந்தவர்களுக்கும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் மாறிக் காட்டலாம். ஹீமோகுளோபின் 9 என்று முதல் பக்கத்தில் இருக்கும்போது மூன்றாம் பக்கத்து ஏ1சியைத் தனியாகப் படிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. அதில் 140 முதல் 199 வரை முன்நீரிழிவு.

பக்கத்துச் சாட்சிகள்

ஐந்து அளவுகோலில் சேராத, ஆனால் அதே கூட்டத்தோடு நடமாடும் எண்கள் சில உண்டு. எஸ்ஜிபிடி அவற்றில் முக்கியம். அது லேசாகக் கூடி, கூடவே வயிறும் ட்ரைகிளிசரைடும் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். "நான் குடிக்கவே மாட்டேனே, எனக்கெப்படி?" என்று கேட்கும் அக்காமார் ஏராளம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டியதில்லை. 2023-ல் மருத்துவச் சங்கங்கள் இந்த நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்தது என்று பெயரிலேயே எழுதிவிட்டன. எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தும் ஈரலில் கொழுப்பு இருக்கலாம், ஸ்கேன்தான் சொல்லும்.

யூரிக் அமிலம்: இன்சுலின் கூடினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளுவது குறையும். ஆனால் நெத்திலியும் சாளையும் நிறையச் சாப்பிடுகிற கடற்கரை வீடுகளில் உணவாலும் கூடும். தனியாக அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய வேண்டாம்.

ஹெச்எஸ்-சிஆர்பி உடலுக்குள் இருக்கும் மெல்லிய அழற்சியைக் காட்டுவது. 1-க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் ஆபத்து கூடுதல், 10 தாண்டினால் பல்வலியோ சளியோ ஏதோ ஒரு தொற்று என்று முதலில் பாருங்கள்.

இன்சுலின் அளந்து ஹோமா கணக்குப் போடும் பரிசோதனையைப் பேக்கேஜில் பெருமையாகச் சேர்க்கிறார்கள். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுப்பது அது. ஆராய்ச்சிக்கு நல்லது. லேபுக்கு லேப் அளக்கும் முறை மாறுவதால் எல்லோருக்கும் ஒரே எல்லைக்கோடு கிடையாது, நோயைத் தீர்மானிக்க அது தேவையும் இல்லை. டாக்டர் கேட்காவிட்டால் அந்தப் பணம் மிச்சமாகட்டும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அடிபோனெக்டின் ஹார்மோன்களுக்கும் இதுவே பதில். அந்தப் பணத்தில் தைராய்டுக்கான டிஎஸ்எச் பாருங்கள், தைராய்டு மந்தமானால் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் அதனாலேயே ஏறும். பிரஷரோ சர்க்கரையோ உள்ளவர்கள் சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும், 30-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் சர்க்கரை எண்ணைக் காட்டக் கூடாது. பெயர் தெரியாத பொடி, லேகியம் சாப்பிடுகிறவர்களும் அப்படியே. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நடக்கிற விஷயம். வெளிநாடு போக எடுத்த மெடிக்கலில் 'ஃபிட்' வந்ததும் இதற்குப் பதிலாகாது. அது முக்கியமாகத் தொற்றுநோய்களைத் தேடுவது.

எண் தெரிந்த பிறகு

மூன்று அளவுகோல் தேறினால் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு, இதயநோய் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதே சமயம் திரும்பி வரக்கூடிய கட்டமும் இதுதான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு முன்நீரிழிவு உள்ள இந்தியர்களிடம் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

எந்த எண் முதலில் அசையும் என்றால், ட்ரைகிளிசரைடு. மாவுச்சத்தும் சீனியும் மதுவும் குறைந்தால் சில வாரத்திலேயே இறங்கும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) இங்கே பேசாமல் முடியாது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய கிழங்கு அது. பசியை ஆற்றிய உணவைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பச்சைக் கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து மட்டும் 35 கிராமுக்கு மேல். அன்று அதைச் சாப்பிட்டவர் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தார். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடும் நாளில் மீனைக் கூட்டிக் கிழங்கைக் குறையுங்கள், அதே நேரத்தில் சோறு வேண்டாம். சாளையும் அயிலையும் ட்ரைகிளிசரைடுக்கு எதிரி அல்ல, குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், 'கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது' என்பது நம் ஆசை. அக்கானியும் (பதநீரும்) அப்படியே. மட்டிப்பழம் ஒன்று சாப்பிடலாம், சீப்பாக அல்ல. தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லைக் கொஞ்சம் உயர்த்தும் என்பது உண்மை. எல்டிஎல்லையும் சேர்த்து உயர்த்தும் என்பதும் உண்மை.

எச்டிஎல் எண்ணைத் துரத்தாதீர்கள். மருந்தால் அதை மட்டும் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. நடையாலும் இடுப்பு சுருங்குவதாலும் அது மெதுவாகக் கூடினால் கூடட்டும். உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைப்பதை முதல் இலக்காக வைக்கலாம். 80 கிலோ ஆளுக்கு நாலு, ஐந்து கிலோ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணியும்.

டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளவே கூடாத எண்களும் உண்டு. ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் என்றால் கணைய அழற்சி ஆபத்து இருக்கிறது. கூடவே கடும் வயிற்றுவலி என்றால் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை 200-க்கு மேல் நின்று தாகமும் எடை இறக்கமும் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரையும் பிரஷரும் பார்க்கப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும், காசு இல்லை. பெரிய பரிசோதனைக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தக்கலை அரசு மருத்துவமனையோ இருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் ஏ1சி முழு மாற்றத்தைக் காட்டாது. ட்ரைகிளிசரைடு ஒரே ஆளுக்கு இன்றைக்கும் அடுத்த வாரத்துக்கும் இருபது சதவீதம் மாறக்கூடியது, அதனால் 210 என்பது 190 ஆனதற்குக் கொண்டாட வேண்டாம், 230 ஆனதற்கு அழவும் வேண்டாம். அதே லேப், அதே நேரம், அதே பட்டினி. பழைய ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதன் பின்பக்கத்தில் அன்றைய இடுப்பளவையும் பிரஷரையும் பேனாவால் எழுதி வையுங்கள், அந்த இரண்டையும் லேப் அச்சடித்துத் தராது.